ஹோல்ம் என்னும் குடும்பப் பெயர் எந்த நாட்டுக்குரியது?

கேள்வி (காவேரிப்பட்டணத்தான்):
எங்கள் மாம்பழக்கூழை வாங்குவோரில் இருவருக்கு ஒரே குடும்பப் பெயர். ஒருவர் சுவீடன் நாட்டவர். மற்றவர் இங்கிலாந்தின் யார்க்சயரைச் சேர்ந்தவர். எழுத்துகளில் வேறுபாடு இல்லை. ஆனால் முன்னவர் அதை 'ஹோல்ம்' என்று ஒலிக்கிறார். பின்னவர் லகரத்தை விழுங்கி 'ஹோம்' என்கிறார். உறவினர்களோ என்று கேட்டால் இருவருமே மறுக்கிறார்கள். தந்தை பெயரின் முதலெழுத்தோடு வாழ்ந்து பழகிய எனக்கு இது விளங்கவில்லை.

மறுமொழி (தகடூர் ஆசிரியர்):
சொல்லின் வேர் ஒன்றே. வைக்கிங்குகள் எனப்படும் வட ஐரோப்பியக் கடலோடிகள் பேசிய பழைய நோர்சு மொழியில் 'ஹோல்மர்' என்றால் சிறு தீவு, நம் புலவர்கள் ஆற்றிடைக்குறை என்றும் துருத்தி என்றும் சொன்ன அதே நிலம். ஸ்டாக்ஹோம், பார்ன்ஹோம் என்னும் பெயர்களின் ஈற்றில் அது இன்றும் நிற்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் டேனிய வைக்கிங்குப் படைகள் இங்கிலாந்துக்கு வந்து, 876இல் இன்றைய யார்க்சயரை உள்ளடக்கிய வட இங்கிலாந்து அரசான நார்தம்பிரியாவின் நிலத்தைப் பங்கிட்டுக்கொண்டு உழத் தொடங்கியபோது, அவர்களுடைய சொற்களும் அம்மண்ணில் ஊன்றின. அங்கே 'ஹோம்' என்பது சதுப்பின் நடுவே மேடாக இருந்த நிலத்தையும் ஆற்றோரப் புல்வெளியையும்கூடக் குறிக்கலாயிற்று. அவ்வகை ஊர்களில் வாழ்ந்தவர்களுக்குப் பிற்காலத்தில் அதுவே குடும்பப் பெயராயிற்று.

நமக்கு இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. மாரண்டஹள்ளியின் ஈற்றில் நிற்பது கன்னட ஹள்ளி, அதாவது நம் பள்ளி. ஒகேனக்கல்லில் இருப்பதும் நம் புகைக்கு உறவான 'ஹொகெ'தான். ஊர்ப்பெயரில் கன்னடம் இருப்பதால் அவ்வூரார் அனைவரும் கன்னடர் ஆகிவிடுவதில்லை. யார்க்சயர்க்காரரையும் அவ்வாறே வைக்கிங்குகளின் நேர் வழித்தோன்றல் என்று சொல்லிவிட இயலாது.

மறுமொழி (ஓசூர் வாசகி):
ஆசிரியர் ஐயா கூறியதில் ஒரு திருத்தம். இங்கிலாந்தில் இப்பெயர் முழுவதும் நோர்சிலிருந்து வந்ததன்று. முள்ளிலைகளும் சிவந்த கனிகளும் கொண்ட ஹாலி மரத்துக்கு இடைக்கால ஆங்கிலத்தில் 'ஹோம்' என்றொரு பெயர் இருந்தது; அம்மரத்தருகே குடியிருந்தோரும் இப்பெயரைப் பெற்றனர். பரவலைப் பொறுத்தவரை, இங்கிலாந்தில் இவ்வடிவம் அரிது. சகரம் சேர்ந்த 'ஹோம்ஸ்' மிகப் பரவலானது.

சுவீடனில் கதை வேறு. அங்கு பொதுமக்களில் பெரும்பாலோர் நெடுங்காலம் நம்மைப் போலவே தந்தை பெயரால்தான் அறியப்பட்டனர். ஆண்டர்ஸின் மகன் ஆண்டர்சன், அவ்வளவே. நிலையான குடும்பப் பெயர் 1901ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் பொது விதியாயிற்று. அதற்கு முன்னரே நகரத்தார் இயற்கையைச் சுட்டும் சொற்களைப் பெயராக விரும்பிச் சூட்டிக்கொண்டனர். ஹோல்ம், ஹோல்ம்பெரி, லிண்ட்ஹோல்ம் எல்லாம் அவ்வகையின. ஒரே படைப்பிரிவில் பல ஆண்டர்சன்கள் இருந்தால் குழப்பம் நேரும் என்பதால் படைவீரர்களுக்கும் இத்தகைய குறும்பெயர்கள் இடப்பட்டன. ஆகவே சுவீடனுக்குள்ளேயே இரண்டு ஹோல்ம்கள் உறவினராக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்ற ஸ்டெஃபான் ஹோல்ம், உங்கள் வாடிக்கையாளருக்கு உறவா என்று கேட்டுவிடாதீர்கள்.

மறுமொழி (காவேரிப்பட்டணத்தான்):
இருவருக்கும் நன்றி. யார்க்சயர்க்காரரிடம் மீண்டும் கேட்டேன். அவருடைய பாட்டனார் காலம்வரை பத்திரங்களில் 'ஹோம்ஸ்' என்றே இருந்ததாம். எழுத்தர் ஒருவர் விட்ட சகரத்தைப் பிறகு யாரும் சேர்க்கவில்லையாம்.