சீனக்குடா விமானத்தளத்தை அமைத்தவர்கள் யார்?

உப்புவெளியான்:
எங்கள் பகுதியில் மூத்தவர்கள் சிலர் திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய சீனக்குடா விமானத்தளத்தை அமெரிக்கர் போட்டது என்றே சொல்லி வருகின்றனர். ஆனால் 1942இல் யப்பானியர் குண்டு வீசியபோதே அங்கு பிரித்தானிய விமானங்கள் நின்றதாகப் படித்திருக்கிறேன். அவ்வாறாயின் அமெரிக்கரின் பங்கு என்ன? பொதுமக்களின் பயணத்தை எண்ணி அத்தளம் அமைக்கப்பட்டதா? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

கொட்டியாபுரத்தான்:
தம்பி, அமெரிக்கர் வருவதற்கு முன்னரே தளம் இருந்தது. பிரித்தானிய விமானப்படையின் 273ஆம் அணி 1939 ஆகஸ்ட் 1 அன்று சீனக்குடாவிலேயே மீள உருவாக்கப்பட்டது. ஐரோப்பாவில் போர் வெடிக்க அப்போது ஒரு மாதமே இருந்தது. துறைமுகமும் அதனருகே எண்ணெய்க் குதங்களும் இருக்கும்போது, விமானங்களை வேறெங்கு நிறுத்துவார்கள்? 1942 ஏப்ரல் 9 காலை, யப்பானியக் கடற்படைத் தளபதி நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து வந்த விமானங்களை எதிர்த்து இங்கிருந்து எழுந்தவை 261ஆம் அணியின் ஹரிக்கேன் போர்விமானங்கள். துறைமுகத்தோடு விமானத்தளமும் தாக்குதலுக்கு உள்ளானது. முதல்நாள் இரவிலேயே துறைமுகத்தை விட்டு வெளியேறியிருந்த பிரித்தானியரின் ஹேர்மஸ் கப்பல், மட்டக்களப்புக்கு அப்பாலுள்ள கடலில் மூழ்கடிக்கப்பட்டதும் அதே நாளில்தான். விமானங்களைச் சுமக்கவென்றே கட்டப்பட்ட அக்கப்பலில் அன்று ஒரு விமானமும் இருக்கவில்லை என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கும் செய்தி.

பாலையூற்று வாசகர்:
ஐயா கூறியது சரியே. எனினும் மூத்தவர்களின் பேச்சை முற்றாகத் தள்ளிவிடவும் முடியாது. 1944இல் அமெரிக்கரின் பி-29 குண்டுவீச்சு விமானங்கள், சுமாத்திராவின் பலெம்பாங்கில் யப்பானியர் வசமிருந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையைத் தாக்கத் திட்டமிட்டன. வங்காளத்தின் கரக்பூர்ப் பகுதியிலிருந்து அங்கு சென்று திரும்புவது இயலாத தூரம் என்பதால், இடையில் சீனக்குடாவில் இறங்கி எரிபொருள் நிரப்ப வேண்டியிருந்தது. முழுச் சுமையோடு அப்பெரிய விமானங்கள் எழும்பப் பழைய ஓடுபாதை போதாது. ஆகவே அது 7,200 அடிக்கு, அதாவது ஏறத்தாழ 2,200 மீற்றருக்கு நீட்டப்பட்டது. ஆகஸ்ட் 10 அன்று 54 விமானங்கள் அதிலிருந்து புறப்பட்டு, சில ஆலையின் மீது குண்டு வீச, வேறு சில பலெம்பாங் வழியே ஓடும் மூசி ஆற்றில் கண்ணிவெடிகளை இட்டன. ஓடுபாதை நீண்டது அவர்களுக்காக. தளம் உருவானது அவர்களால் அன்று. அதே ஆண்டில் பிரித்தானியக் கடற்படையும் அங்கு தன் விமான நிலையத்தை எச்.எம்.எஸ். பம்பாரா என்ற பெயரில் நடத்தியது.

உப்புவெளியான்:
இருவருக்கும் நன்றி. பொதுமக்கள் பற்றிய கேள்வி மட்டும் எஞ்சியுள்ளது.

கொட்டியாபுரத்தான்:
அதற்கு விடை சுருக்கமானது: அவர்களுக்காக அமைக்கப்படவில்லை. சுதந்திரத்தின் பின்னரும் 1947ஆம் ஆண்டு பாதுகாப்பு உடன்படிக்கையின்படி பிரித்தானியர் இங்கு தங்கியிருந்தனர். 1957 ஒக்டோபரில்தான் பண்டாரநாயக்க அரசு திருகோணமலைக் கடற்படைத் தளத்தைப் பொறுப்பேற்றது. பின்னர் சீனக்குடா இலங்கை விமானப்படையின் பறப்புப் பயிற்சிக்குரிய இடமாயிற்று. இன்றும் அங்கு இறங்கும் பயணி, விமானப்படைத் தளத்தின் ஓடுபாதையில்தான் இறங்குகிறார்.