முடிவுகள் பக்கத்துக்கு மட்டும் கேஷ் நேரத்தைக் குறைத்தேன், ஆனாலும் பழைய பக்கமே வருகிறது

அகல்விளக்கு கேட்டது:

வணக்கம். சிறிய தளம் ஒன்றைப் பார்த்துக்கொள்கிறேன். முன்னால் வெப் சர்வராக என்ஜின்எக்ஸ், அதிலேயே ப்ராக்ஸி கேஷ் (செயலி தந்த பக்கங்களின் பிரதிகளைச் சேமித்துவைத்துத் தருவது). பின்னால் பிஎச்பி செயலி. செயலி எல்லாப் பக்கத்துக்கும் ஒரே ஹெட்டரைத்தான் (பக்கத்தோடு போகும் குறிப்பு வரி) அனுப்புகிறது: "கேஷ்-கன்ட்ரோல்: மேக்ஸ்-ஏஜ்=3600". கட்டுரைகளுக்கு ஒரு மணி நேரம் என்பது சரிதான். ஆனால் போட்டி முடிவுகள் வரும் பக்கம் ஒன்றிரண்டு நிமிடத்துக்கு மேல் பழசாகக் கூடாது. 'எங்களைப் பற்றி' பக்கம் ஒரு வாரம்கூட அப்படியே கிடக்கலாம். பதிவுப் படிவத்தை எங்குமே சேமிக்கக் கூடாது.

முதலில் என்ஜின்எக்ஸ் அமைப்பில் முடிவுகள் பக்கத்துக்கு மட்டும் பொருந்தும் தனி லொகேஷன் பிளாக் எழுதி, ஆட்_ஹெட்டர் மூலம் மேக்ஸ்-ஏஜ்=60 என்று போட்டேன். அங்கேயே, பிரதியை வைத்திருக்கும் நேரத்தைச் சொல்லும் ப்ராக்ஸி_கேஷ்_வேலிட் வரியில் ஒரு நிமிடம் கொடுத்தேன். ரீலோட் செய்தாயிற்று, பிழை எதுவும் காட்டவில்லை. பிரவுசரின் நெட்வொர்க் பகுதியில் 60 தெரிகிறது. ஆனாலும் முக்கால் மணி நேரத்துக்கு முந்தைய முடிவுகளே வருகின்றன. இன்காக்னிட்டோவிலும் அதே கதைதான். முகவரியின் கடைசியில் ?1 என்று சேர்த்தால் மட்டும் புதிய முடிவுகள் உடனே வந்துவிடுகின்றன. எங்கே பார்ப்பது?

புதுவரவு:

பக்கத்தின் தலைப்பகுதியில் மெட்டா டேக் போட்டு கேஷ் வேண்டாம் என்று சொல்லிப் பாருங்களேன். பழைய வழிகாட்டிகளில் அப்படித்தான் இருக்கிறது.

பின்கதவு:

மெட்டா டேக் இதற்கு உதவாது. நடுவில் இருக்கும் கேஷ் எச்டிஎம்எல்லுக்குள் எட்டிப் பார்ப்பதே இல்லை, ஹெட்டரோடு நின்றுவிடும்.

அகல்விளக்கு, அந்த ?1 தான் துப்பு. என்ஜின்எக்ஸ் தன் பிரதிக்கு வைக்கும் சாவியில், நீங்கள் மாற்றாத வரை, கேள்விக்குறிக்குப் பின்னால் வருவதும் சேரும். ?1 போட்டதும் சாவி மாறுகிறது, பிரதி கிடைக்காததால் செயலியிடம் போகிறது, புதிய பக்கம் வருகிறது. அப்படியானால் செயலி சரியாக இருக்கிறது. இன்காக்னிட்டோவிலும் பழசு என்பதால் பிரவுசர் மீதும் பழியில்லை. பழைய பிரதி என்ஜின்எக்ஸின் கையில் இருக்கிறது.

அந்த லொகேஷனில் எக்ஸ்-கேஷ்-ஸ்டேட்டஸ் என்று ஒரு ஹெட்டர் சேர்த்து, அதன் மதிப்பாக அப்ஸ்ட்ரீம்_கேஷ்_ஸ்டேட்டஸ் மாறியைக் கொடுங்கள் (பதில் பிரதியிலிருந்து வந்தால் ஹிட், பிரதி இல்லாமல் செயலியிடம் போனால் மிஸ் என்று காட்டும்). அப்புறம் பிரவுசரை விட்டுவிட்டு, டெர்மினலில் கர்ல் கட்டளை கொண்டு ஹெட்டர்களை மட்டும் எடுத்து, வந்ததை அப்படியே இங்கே ஒட்டுங்கள். வெட்டாமல்.

அகல்விளக்கு:

இதோ, சம்பந்தப்பட்ட வரிகள்:

கேஷ்-கன்ட்ரோல்: மேக்ஸ்-ஏஜ்=3600
கேஷ்-கன்ட்ரோல்: மேக்ஸ்-ஏஜ்=60
எக்ஸ்-கேஷ்-ஸ்டேட்டஸ்: ஹிட்

கேஷ்-கன்ட்ரோல் இரண்டு முறை வருகிறது! பிரவுசரில் 60 மட்டுமே என் கண்ணில் பட்டது.

பின்கதவு:

சரி, இதில் இரண்டு சிக்கல்கள் ஒன்றின் மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன.

ஆட்_ஹெட்டர் பெயரில் உள்ளதை மட்டுமே செய்யும்: சேர்க்கும். செயலி அனுப்பியதை அழித்து எழுதாது. அதனால்தான் இரண்டு வரிகள். ஒரே கட்டளை இரண்டு மதிப்புகளோடு வந்தால் முதலில் வருவதை எடுத்துக்கொள், அல்லது பக்கத்தைக் காலாவதியானதாகக் கருது என்கிறது 2022இல் வந்த ஆர்எஃப்சி 9111 என்னும் எச்டிடிபி கேஷ் தரநிலை. முதலில் வருவது உங்கள் செயலியின் 3600. ஆகவே அந்த 60 பெரும்பாலும் அலங்காரத்துக்குத்தான்.

இரண்டாவதுதான் உண்மையான காரணம். ஆட்_ஹெட்டரில் எழுதியது வெளியே போகிற பதிலில் ஒட்டப்படுகிறது. என்ஜின்எக்ஸ் தன் பிரதியை எவ்வளவு நேரம் வைத்துக்கொள்வது என்று முடிவெடுக்கும்போது அதைப் பார்ப்பதில்லை, செயலியிடமிருந்து உள்ளே வந்த ஹெட்டரைத்தான் பார்க்கிறது. அங்கே 3600 இருக்கிறது. ப்ராக்ஸி_கேஷ்_வேலிட் போட்டேனே என்பீர்கள். செயலி நேரம் எதுவும் சொல்லாதபோதுதான் அந்த வரிக்கு வேலை, செயலி வாய் திறந்துவிட்டால் அதன் பேச்சே எடுபடும். ப்ராக்ஸி_இக்னோர்_ஹெட்டர்ஸ் போட்டு அந்தப் பேச்சைக் காதில் வாங்காமல் இருக்க வைக்கலாம். எனக்கு அது பிடிக்காது. ஆறு மாதம் கழித்து வேறொருவர் செயலியில் நேரத்தை மாற்றிவிட்டு, ஏன் எதுவும் நடக்கவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்வார்.

பக்கத்தை உருவாக்குகிற செயலிக்குத்தான் அது எவ்வளவு நேரம் தாங்கும் என்று தெரியும். நேரத்தை அங்கேயே சொல்லுங்கள். பிரவுசருக்கு மேக்ஸ்-ஏஜ், நடுவில் உள்ள பொது கேஷுக்கு எஸ்-மேக்ஸ்ஏஜ் என்று ஒரே வரியில் தனித்தனி நேரம் கொடுக்கலாம், என்ஜின்எக்ஸ் எஸ்-மேக்ஸ்ஏஜைத்தான் முதலில் தேடும். முடிவுகள் பக்கத்துக்கு "மேக்ஸ்-ஏஜ்=30, எஸ்-மேக்ஸ்ஏஜ்=60" என்று வையுங்கள். நடுவில் 60 விநாடி பழசான பிரதி பிரவுசருக்குப் போய் இன்னொரு 30 விநாடி இருக்கலாம். மோசமான நிலையில் ஒன்றரை நிமிடம், அவ்வளவுதான்.

'எங்களைப் பற்றி' பக்கத்துக்கு எஸ்-மேக்ஸ்ஏஜ்=604800, அதாவது ஒரு வாரம். ஆனால் பிரவுசருக்கு ஒரு மணி நேரமே கொடுங்கள். உங்கள் சர்வரில் உள்ள பிரதியை நினைத்தபோது அழிக்கலாம், அடுத்தவர் கணினியில் உள்ளதை அழிக்க உங்களால் முடியாது. படிவத்துக்கு நோ-ஸ்டோர். நோ-கேஷ் என்று போட்டுவிடாதீர்கள், அது 'சேமித்துக்கொள், ஆனால் ஒவ்வொரு முறையும் சர்வரிடம் கேட்டுவிட்டுக் காட்டு' என்கிற உத்தரவு.

எல்லாம் முடிந்ததும் அந்த லொகேஷனில் போட்ட ஆட்_ஹெட்டர், ப்ராக்ஸி_கேஷ்_வேலிட் இரண்டையும் எடுத்துவிடுங்கள். கேஷ் கோப்புறையையும் ஒரு முறை காலி செய்யுங்கள், இல்லாவிட்டால் 3600 என்று முத்திரை குத்திய பழைய பிரதிகள் தங்கள் நேரம் முடியும்வரை நகராது.

கம்பிவேலி:

இடையில் ஒரு சொல். லொகேஷனுக்குள் ஒரே ஒரு ஆட்_ஹெட்டர் எழுதினாலும், தளம் முழுவதற்குமான சர்வர் பிளாக்கில் எழுதிய ஆட்_ஹெட்டர் வரிகள் எதுவும் அங்கே இறங்கி வராது. எக்ஸ்-ஃப்ரேம்-ஆப்ஷன்ஸ் போன்ற பாதுகாப்பு ஹெட்டர்களை மேலே வைத்திருந்தால் முடிவுகள் பக்கத்தில் இப்போது அவை இருக்காது. சோதனைக்குப் போட்ட எக்ஸ்-கேஷ்-ஸ்டேட்டஸையும் சர்வர் பிளாக்குக்கே ஏற்றிவிடுங்கள்.

அகல்விளக்கு:

பார்த்தேன், நிஜமாகவே காணோம். மேலே ஏற்றியதும் திரும்பி வந்துவிட்டன. நன்றி கம்பிவேலி.

முடிவுகள் பக்கம் இப்போது நிமிடத்துக்கு நிமிடம் மாறுகிறது. படிவமும் சரி. ஆனால் 'எங்களைப் பற்றி' பக்கம் எத்தனை முறை கேட்டாலும் மிஸ் என்றே வருகிறது. செயலியில் ஒரு வாரம் என்று எழுதியிருக்கிறேன், ஹெட்டரிலோ "நோ-ஸ்டோர், நோ-கேஷ், மஸ்ட்-ரீவேலிடேட்". கூடவே எக்ஸ்பயர்ஸ் என்று 1981 நவம்பர் 19 தேதி. அந்தத் தேதியை நான் எங்கேயும் எழுதவில்லை.

பின்கதவு:

அந்தத் தேதியைப் பார்த்தாலே காரணம் தெரிந்துவிடும், அது பிஎச்பி செஷனின் (வருபவர் ஒவ்வொருவரையும் நினைவில் வைக்கும் ஏற்பாடு) கைரேகை. செஷன்_ஸ்டார்ட் ஓடியதும் பிஎச்பி இந்த மூன்று சொற்களையும் கடந்துபோன அந்தத் தேதியையும் தானாகவே அனுப்பும். நீங்கள் அதற்கு முன்பே கேஷ்-கன்ட்ரோல் அனுப்பியிருந்தால் அதன் மேல் எழுதிவிடும். அந்தப் பக்கத்தில் மொழித் தேர்வு மாதிரி ஏதாவது செஷனைத் தொடுகிறதா?

வரிசையை மாற்றி, செஷனுக்குப் பிறகு ஹெட்டரை அனுப்பினாலும் தப்பிக்க முடியாது. புதிதாக வருபவருக்கு செஷனோடு குக்கியும் போகும், அதைக் கொண்டுபோகும் செட்-குக்கி ஹெட்டர் உள்ள பதிலை என்ஜின்எக்ஸ் சேமிக்காது. அது நல்லதுதான், இல்லாவிட்டால் ஒருவருடைய செஷன் குக்கி அடுத்தவருக்குப் போய்விடும். எனவே செட்-குக்கியைக் கண்டுகொள்ளாதே என்று மட்டும் என்ஜின்எக்ஸிடம் சொல்லிவிடாதீர்கள். அந்தப் பக்கத்தில் செஷனையே தொடங்காமல் விடுங்கள்.

அகல்விளக்கு:

மொழித் தேர்வேதான். பொதுவான மேல்பகுதிக் கோப்பில் இருந்தது. மொழியை முகவரியிலேயே வைத்துவிட்டு, செஷனைப் படிவத்துக்கு மட்டும் விட்டுவைத்தேன். முதல் தடவை மிஸ், அடுத்ததிலிருந்து ஹிட். 1981உம் போய்விட்டது.