கெண்டை மீன் முகர்வு ரோசெட்: ஸ்லைடில் அடுக்கு தெரியவில்லை, எபிதீலியம் உரிகிறது

கேள்வி:
வணக்கம். சாதாக் கெண்டையின் ரோசெட் (மூக்குக் குழிக்குள் இருக்கும் முகர்வு உறுப்பு). சந்தை மீன், 10% ஃபார்மலின், பாரஃபின், 6 மைக்ரான் வெட்டு, ஹெமடாக்சிலின்-ஈயோசின். ராஃபேக்கு (ரோசெட்டின் நடுத்தண்டு) குறுக்காக வெட்டியது. லாமெல்லா (தண்டிலிருந்து கிளம்பும் தகடு) முழுக்க ஊதா உட்கருக்கள் குவிந்து கிடக்கின்றன. சில இடங்களில் எபிதீலியம் (தகட்டின் மேற்படலம்) நடுத்திசுவை விட்டு உரிந்து வெள்ளை இடைவெளி. கிரிப்ட் செல் (ஒரு வகை முகர்வு ஏற்பிசெல்) ஒன்றும் சிக்கவில்லை. எங்கே தவறு?

மறுமொழி 1:
வெட்டிய திசையில்தான் முதல் தவறு. ராஃபேயின் இருபுறமும் லாமெல்லாக்கள் இறகின் கீற்றுகள்போல் நிற்கின்றன. ராஃபேக்குக் குறுக்கே வெட்டினால் கத்தி தகட்டின் முகத்தோடு ஒட்டி ஓடும்; எபிதீலியம் சாய்வாகச் சீவப்பட்டு உட்கருக் குவியலாகவே தெரியும். ரோசெட்டைக் கவிழ்த்து, மேற்பக்கம் பாரஃபின் வார்க்கும் அச்சின் அடியில் படும்படி தட்டையாக வையுங்கள். அப்போது தகடுகள் விரல் விரலாக, நடுவே இணைப்புத்திசுவும் இருபுறம் எபிதீலியமுமாக வரும்.

உரிவது வேறு கதை. சந்தை மீனில் இந்த எபிதீலியம் ஏற்கெனவே சிதைந்திருக்கும். மயக்கிய மீனில் சில நிமிடங்களுக்குள் எடுங்கள். இடுக்கி ராஃபேயை மட்டும் பிடிக்கட்டும், லாமெல்லாவைத் தொடவே கூடாது. திசுவைப் பதப்படுத்த, ஃபார்மலினுக்குப் பதில் பூயின் கரைசல்: தெவிட்டிய பிக்ரிக் அமிலம் 75 மி.லி., ஃபார்மலின் 25, உறை அசிட்டிக் அமிலம் 5. ஒரு நாள் போதும். பிறகு 70% ஆல்கஹாலை மஞ்சள் நிறம் இறங்குவது நிற்கும்வரை மாற்றுங்கள். பாரஃபின் 60 டிகிரிக்கு மேல் போனாலும் திசு சுருங்கி உரியும். உலர்ந்த பிக்ரிக் அமிலம் வெடிக்கும், குப்பியை ஈரமாகவே வையுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றிங்க. ஏற்பிசெல்லை (மணத்தை உணரும் செல்) எப்படி அடையாளம் காண்பது?

மறுமொழி 2:
அடியில் சிறு உருண்டை உட்கருக்கள் அடித்தளச் செல்கள். அதற்கு மேல் ஏற்பிசெல்கள்: பிசிறுள்ளவை ஆழத்தில், நுண்விரல் (மிக நுண்ணிய விரல்போன்ற நீட்சி) உள்ளவை சற்று மேலே. மேற்பரப்பில் அடர்ந்த தூரிகைபோல் பிசிறு தெரிந்தால் அது நீரைத் தள்ளும் உணர்வற்ற செல். அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். குமிழ்ச்செல்லுக்கு (சளி சுரக்கும் செல்) அல்சியன் நீலச் சாயம், பி.எச். 2.5.

கிரிப்ட் செல் அரிது. 4 மைக்ரான் வெட்டு, 100 மடங்கு எண்ணெய் லென்ஸ், எபிதீலியத்தின் மேல் மூன்றில் ஒரு பங்கு மட்டும் தேடுங்கள்: பேரிக்காய் வடிவம், உட்கரு கீழே. வரிக்குதிரை மீனில் எஸ்100 என்ற புரதத்துக்கான எதிர்ப்பொருள் இதைக் காட்டும். கெண்டையில் நிறம் ஏறியதை மட்டும் நம்பாமல் வடிவமும் பொருந்துகிறதா பாருங்கள்.