சம்பா, தாளடி அறுவடைக்குப் பெல்ட் வண்டியா, டயர் வண்டியா?

வெண்ணாற்றங்கரை (நீடாமங்கலம்)

இந்த ஆண்டுத் தாளடி (குறுவை நெல்லுக்குப் பிறகு நடும் இரண்டாம் போக நெல்) அறுவடைக்கு, ரப்பர் பட்டையில் ஓடும் பெல்ட் அறுவடை இயந்திரத்தை விட்டுவிட்டு, சக்கரத்தில் ஓடும் டயர் வண்டியையே மொத்தமாகப் பேசிவிடலாம் என்று எங்கள் ஊரில் சிலர் சொல்கிறார்கள். மணி வாடகை குறைவு, வெட்டும் அகலம் கூடுதல், ஆகவே ஒரு மா நிலத்துக்கு (ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு) ஆகும் செலவு குறையும் என்பது அவர்கள் கணக்கு. காய்ந்து கிடக்கும் வயலுக்கு அது சரிதான். வடிகால் தூர்ந்து, தை பிறந்த பிறகும் கால் புதைகிற களிமண் வயலில் டயர் வண்டி இறங்கினால் ஆழமாகத் தடம் விழுகிறது. குறுவைக்கு முன் அந்தப் பள்ளத்தை நிரவ டிராக்டருக்குத் தனியாகப் பணம் கொடுக்க வேண்டியிருக்கிறது. பெல்ட் வண்டியின் எடையும் குறைவு, அந்த எடையும் அகலமான ரப்பர் பட்டையின் மேல் பரவிவிடுகிறது. எனவே எங்கள் பகுதிக்குப் பெல்ட் வண்டி தவிர வேறு பேச்சே வேண்டாம் என்பது என் கருத்து.

ஆத்தூர் வண்டிக்காரர்

ஐயா, என்னிடம் இரண்டு வகையும் இருப்பதால் ஒன்றுக்காக மட்டும் வாதாட வேண்டிய தேவை எனக்கில்லை. பெல்ட் வண்டி சாலையில் ஓடினால் பட்டை தேய்ந்துவிடும் என்பதால் ஊருக்கு ஊர் லாரியில்தான் ஏற்றி இறக்குகிறோம். சேற்றில் உழலும் உருளைகளும் பட்டையும் மாற்றும் செலவு பெரிது. வாடகை கூடுவது அதனால்தான். டயர் வண்டி தானே சாலையில் வந்து தானே போய்விடும். அறுவடைக்குப் பத்து நாள் முன்பே தண்ணீரை வடித்திருந்தால் டெல்டாவிலும் பெரும்பாலான வயல்களில் டயர் வண்டி தாராளமாக ஓடும்.

நெல் வீணாவதற்கும் பெல்ட், டயர் என்ற வேறுபாட்டுக்கும் பெரிய தொடர்பில்லை. காற்றாடியின் வேகம் கூடினால் நல்ல மணியும் பதரோடு பறக்கும்; கதிரடிக்கும் டிரம்மை வேகமாகச் சுழற்றினால் மணி உடையும், வேகம் குறைந்தால் கதிரிலேயே மணி தங்கிவிடும். வண்டியின் பின்னால் நடந்து, விழும் வைக்கோலை ஒரு கை அள்ளி உதறிப் பார்த்தாலே எது தவறு என்று தெரிந்துவிடும். அதை விட்டுவிட்டு வண்டியின் பெயரைப் பார்த்து அமர்த்துகிறவர்கள்தான் அதிகம்.

கோரையாறு (திருத்துறைப்பூண்டி)

இருவரும் நெல்லோடு நின்றுவிட்டீர்கள். தாளடி வயலில் அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு, மண் மெழுகு பதத்தில் இருக்கும்போது ஏக்கருக்கு 12 கிலோ வரை உளுந்து தெளிக்கிறோம். மண்ணில் எஞ்சிய ஈரத்தையும் பனியையும் நம்பியே வளர்கிற பயிர் அது. பல வீடுகளில் நெல்லுக்குப் போட்ட பணத்தை மீட்டுக் கொடுப்பதும் அதுதான். முளைத்து இரண்டு இலை விட்ட கன்றின் மேல் எந்த வண்டி ஏறினாலும் சாவுதான், ஆனால் பெல்ட் வண்டி நின்ற இடத்திலேயே திரும்பும்போது மேல் மண்ணையே புரட்டி எடுத்துவிடுகிறது. தப்பிய கன்றை வரிசையாக விழும் வைக்கோல் மூடுகிறது; பிறகு வைக்கோலை உருளையாகக் கட்டும் இயந்திரம் மறுபடியும் அதே வயலில் இறங்குகிறது. நசுங்கிச் சேறு படிந்த அந்த வைக்கோலை மாடும் விரும்பித் தின்பதில்லை. உளுந்து தெளித்த வயலையாவது ஆள் வைத்து அறுங்கள் என்பேன்.

ஆத்தூர் வண்டிக்காரர்

ஆள் எங்கே ஐயா கிடைக்கிறார்கள்? நெல்லோ ஊர் முழுவதும் ஒரே வாரத்தில் முற்றிவிடுகிறது. 2023 பிப்ரவரித் தொடக்கத்தில் பெய்த மழையில் அறுக்கத் தயாராக நின்ற பயிர் சாய்ந்ததை டெல்டாவே பார்த்தது. அரசின் கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது வழக்கமான வரம்பு. மழையில் சிக்கினால் அதைத் தளர்த்தச் சொல்லித் தில்லி வரை மனுப் போட வேண்டியிருக்கிறது. உளுந்தை வண்டி வருவதற்கு நான்கைந்து நாள் முன்பு தெளித்தால், இலை விடுவதற்குள் வண்டி ஏறி இறங்கிவிடும், சேதம் குறையும். அறுத்த பிறகு விதைக் கருவியால் விதைக்கவும் வழி இருக்கிறது.

கோரையாறு

அறுத்த பின் விதைப்பதெல்லாம் ஈரம் நிற்கும் வயலுக்கு. எங்கள் பகுதியில் தை கடந்தால் மண் வெடித்துவிடும். நான்கைந்து நாள் முன்பு தெளிப்பதை ஒத்துக்கொள்கிறேன், ஆனால் தரகர் சொன்ன நாளில் வண்டி வந்து சேர வேண்டுமே! வருகிறது வருகிறது என்று ஒரு வாரம் இழுத்தால் நீங்கள் சொன்ன கணக்கு எங்கே போகும்?

வெண்ணாற்றங்கரை

அந்தக் குறை எனக்கும் உண்டு. மணிக் கணக்கில் வாடகை என்பதால் சாய்ந்த பயிரில் வண்டி ஊர்ந்தால் ஓட்டுநருக்கு இழப்பில்லை, நெல்லைக் கொட்டக் காத்து நிற்கும் நேரமும் நம் கணக்கில் ஏறுகிறது. ஏக்கருக்கு இவ்வளவு என்று பேச வண்டிக்காரர்கள் ஏன் மறுக்கிறார்கள்?

ஆத்தூர் வண்டிக்காரர்

நிமிர்ந்து நிற்கிற பயிருக்கு ஏக்கர்க் கணக்கில் பேச நான் தயார். சாய்ந்த வெள்ளைப் பொன்னிக்கு எந்த வண்டிக்காரரும் ஒப்புக்கொள்ள மாட்டார், ஏனென்றால் சாய்ந்த திசைக்கு எதிராக ஒரு பக்கமாகவே வெட்டிவிட்டு வெறுமனே திரும்பி வர வேண்டியிருக்கிறது. என் பக்கத்திலிருந்தும் சில நிபந்தனைகள் உண்டு. வயலின் நான்கு மூலைகளையும் முன்கூட்டியே கையால் அறுத்து வைத்தால் வண்டி மண்ணைப் புரட்டாமல் சுற்றித் திரும்பும். நெல் ஏற்றும் டிராக்டர் வரப்போரத்திலேயே நிற்கட்டும். முழு பாரத்தோடு வயலுக்குள் ஓடும் டிராக்டர் பெட்டிதான் என் வண்டியைவிட அதிகமாக மண்ணை இறுக்குகிறது, அந்தப் பழியும் எங்கள் மேல்தான் விழுகிறது.