மறுமொழி: ரேஷனலைசேஷன் – 'பகுத்தறிவாக்கம்' வேண்டாமே

வணக்கம்.

ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' நாடகம் பற்றிய கட்டுரையை மொழிபெயர்க்கும் நண்பர் கேட்டது ஒரே ஒரு சொல்: உளவியலில் வரும் 'ரேஷனலைசேஷன்' (rationalization) என்பதற்குத் தமிழ். இரண்டு நாளில் நாம் அரை டஜன் கொடுத்துவிட்டோம், அதில் ஒன்று கணக்குப் பாடத்து விகிதமுறு எண்ணிலிருந்து கிளம்பி வந்திருக்கிறது. அதை விட்டுவிடலாம்.

'பகுத்தறிவாக்கம்' எனக்கு ஒத்துவரவில்லை. பெரியாருக்குப் பிறகு தமிழில் பகுத்தறிவு என்றாலே 'எதையும் கேள்வி கேட்டு ஏற்பது' என்றுதான் காதில் விழும். இங்கே நடப்பது நேர்மாறு: ஒருவர் எதையோ செய்கிறார் அல்லது செய்யாமல் விடுகிறார், உண்மைக் காரணம் அவருக்கே தெரியாது, பார்வைக்கு ஒழுங்கான ஒரு காரணத்தை மனமே தயாரித்துக் கொடுக்க, அதை அவரும் நம்பிவிடுகிறார். 'நியாயப்படுத்தல்' இதைவிடப் பரவாயில்லை. ஆனால் நீதிமன்றத்தில் வக்கீல் செய்வதும் நியாயப்படுத்தல்தானே, வக்கீல் அதை நம்ப வேண்டும் என்று கட்டாயமா என்ன?

நண்பர் சிக்கிக்கொண்டிருக்கும் இடத்தையே எடுத்துக்கொள்வோம். மூன்றாம் அங்கம், மூன்றாம் காட்சி. ஹாம்லெட்டின் தந்தையைக் கொன்று ராஜாவான கிளாடியஸ் தனியாக மண்டியிட்டிருக்கிறான், பின்னால் ஹாம்லெட், கையில் உருவிய வாள். இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது. ஆனால் ஹாம்லெட் யோசிக்கிறான்: பிரார்த்தனையில் இருப்பவனைக் கொன்றால் நேரே சொர்க்கத்துக்குப் போய்விடுவான், அது பழிவாங்கல் ஆகாது, குடித்துக் கிடக்கும்போதோ கோபத்தில் இருக்கும்போதோ பார்த்துக்கொள்ளலாம். சொல்லிவிட்டுப் போகிறான். அவன் போனதும் கிளாடியஸ் எழுந்து, சொற்கள் மேலே போகின்றன, எண்ணம் கீழேயே கிடக்கிறது என்கிறான், அதாவது பிரார்த்தனையே நடக்கவில்லை! அடுத்த காட்சியிலேயே திரைக்குப் பின்னால் சத்தம் கேட்டதும், ராஜாதான் என்று நினைத்து, ஹாம்லெட் ஒரு நொடிகூடத் தயங்காமல் வாளைச் செருகுகிறான். செத்தது ராஜாவின் ஆலோசகர் பொலோனியஸ். அப்போது சொர்க்கமா நரகமா என்ற கணக்கெல்லாம் எங்கே போயிற்று?

ஹாம்லெட்டின் அந்தச் சொர்க்கப் பேச்சை அப்படியே நம்பி, இவ்வளவு கொடூரமா என்று நொந்துகொண்டவர் பதினெட்டாம் நூற்றாண்டு விமர்சகர் சாமுவேல் ஜான்சன். இன்னொரு ஆங்கில விமர்சகரான ஹாஸ்லிட் 1817இலேயே இது தன் மனவுறுதிக் குறைக்கு ஹாம்லெட் கண்டுபிடித்த சாக்கு என்று சொல்லிவிட்டார். உளவியலில் ரேஷனலைசேஷன் என்ற பெயர் வந்தது 1908இல், கொண்டுவந்தவர் ஃப்ராய்டின் வழிவந்த உளப்பகுப்பாய்வாளர் எர்னஸ்ட் ஜோன்ஸ். ஃப்ராய்டின் குறிப்பைப் பிடித்துக்கொண்டு ஹாம்லெட்டுக்கு ஈடிபஸ் சிக்கல் (சிறுவயதில் தாய்மேல் ஆசை, தந்தைமேல் பொறாமை) என்று 1910இல் கட்டுரை எழுதி, 1949இல் அதைப் புத்தகமாகவும் ஆக்கிய அதே ஜோன்ஸ்தான்.

நாடகப் பாத்திரத்துக்கு ஏது ஆழ்மனம், அவன் வெறும் வசனம்தானே என்று இழையில் ஒருவர் கேட்டிருந்தார். ஈடிபஸ் சிக்கலைப் பொறுத்தவரை நானும் அவர் கட்சிதான், ஷேக்ஸ்பியர் எழுதாத ஒரு குழந்தைப் பருவத்தை ஹாம்லெட்டுக்கு நாமே கட்டிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. ஆனால் இந்தச் சொல்லுக்கு அந்த வம்பே இல்லை. சொன்னது ஒரு காட்சியில், செய்தது அடுத்த காட்சியில், இரண்டும் மேடையிலேயே இருக்கின்றன. ஜோன்ஸின் பெரிய கண்டுபிடிப்பைவிட இந்தச் சின்ன சொல்தான் நாடகத்தில் அதிகம் உதவும் என்று எனக்குப் படுகிறது.

சரி, என் சொல்: தற்சமாதானம்.

'அதுக்கு ஒரு சமாதானம் சொல்றான் பாரு' என்று தினமும் சொல்கிறோம். தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்கிறான் என்றும் சொல்கிறோம், அந்தக் 'கொள்' வந்து உட்கார்ந்ததுமே பேச்சு வெளியாளை விட்டுத் தன் பக்கம் திரும்பிவிடுகிறது. ஆட்சேப சமாதானம் என்பதில் வரும் 'பதில்' என்ற பொருளும் இருக்கிறது, மன அமைதி என்ற பொருளும் இருக்கிறது. இந்த இரண்டும் சேர்ந்ததுதானே நமக்கு வேண்டியது? கல்யாணப் பந்தியில் இரண்டாவது லட்டை எடுக்கும்போது, வேண்டாம் என்றால் பெண் வீட்டார் மனம் நோகும் என்று எனக்கு உண்மையிலேயே தோன்றுகிறது. சர்க்கரை மாத்திரை சட்டைப்பையில் இருக்கிறது.

'சாக்கு' போதுமே என்ற அண்ணனுக்கு: ஷேக்ஸ்பியரின் 'ஒதெல்லோ' நாடகத்தில் வில்லன் இயாகோவைப் பாருங்கள். பதவி காஸியோவுக்குப் போய்விட்டது என்கிறான், அப்புறம் என் மனைவியோடு ஒதெல்லோவுக்குத் தொடர்பு என்று பேச்சு என்கிறான், அது உண்மையோ இல்லையோ தெரியாது, வெறும் சந்தேகமே போதும், உறுதி மாதிரி எடுத்துக்கொண்டு செயல்படுவேன் என்கிறான். தெரிந்தே பொறுக்கி எடுத்த காரணம், அதற்குச் சாக்கு சரி. ஹாம்லெட்டுக்கு அது சரிவராது. இரண்டு பேருக்கும் ஒரே சொல்லைக் கொடுத்தால் கட்டுரையின் வாதமே நழுவிவிடும்.

'சீச்சீ, இந்தப் பழம் புளிக்கும்' நரியிலிருந்து ஒரு சொல் எடுக்கலாம் என்ற யோசனை எனக்குப் பிடித்திருந்தது, ஆனால் நரி கிடைக்காததைப் பற்றி மட்டும்தான் பேசுகிறது.

சமாதானம் வடசொல் என்று நாளைக்கு யாராவது எழுதப்போகிறீர்கள், தெரியும். 'தன்னமைதி' என்று போட்டுப் பார்த்தேன், தியான வகுப்பு விளம்பரம் மாதிரி இருக்கிறது. இதே இரட்டைப் பொருளோடு தனித்தமிழில் ஒன்று கிடைத்தால் சந்தோஷமாக மாற்றிக்கொள்கிறேன்.

நண்பரின் வாக்கியத்தில் பொருத்திப் பார்த்தது: "பிரார்த்தனைக் காட்சியில் ஹாம்லெட் பேசுவது பழிவாங்கும் திட்டமல்ல, தற்சமாதானம்." எனக்கு உறுத்தவில்லை. பன்மையில் 'தற்சமாதானங்கள்' மட்டும் நாக்கில் கொஞ்சம் இடறுகிறது, யாராவது வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.