கறுப்புப் பக்கத்தில் வெள்ளை எழுத்து: கல்லூரியில் நாங்கள் செய்த இசை இதழ்

சென்னையில் விஸ்காம் படித்தபோது, இரண்டாம் ஆண்டு திட்டப்பணிக்காக ஓர் இசை இதழை வடிவமைத்தேன். அட்டை, பொருளடக்கம், நடுவில் இரண்டு பக்கக் கட்டுரை இருந்தால் போதும் என்றார்கள். எங்களுக்கு ஆசை விடவில்லை. மூன்று பேர் சேர்ந்து 16 பக்கமும் முழுதாகச் செய்தோம்.

மார்கழி மாதம். பகலில் இலவசக் கச்சேரி எங்கே என்று பார்த்துப் பார்த்துப் போனோம். பாடகர்களைப் படம் எடுக்க எல்லா சபாவிலும் ஆள் இருந்தார்கள். அதனால் வாத்தியம் செய்கிறவரைப் பார்க்கலாம் என்று மயிலாப்பூரில் ஒரு மிருதங்கப் பட்டறைக்குப் போனோம். ஒரே அறை. சுவர் ஓரமாகத் தோல் மூட்டு அவிழ்த்த பலாமரக் கட்டைகள். பெரியவர் ஒருவர் தரையில் உட்கார்ந்து வலந்தலைக்கு, அதாவது மிருதங்கத்தின் வலப்பக்கத் தோலுக்கு, நடுவில் இருக்கும் கறுப்பு வட்டமான கரணையைப் போட்டுக்கொண்டிருந்தார். கிட்டக்கல் பொடியைச் சோற்றோடு சேர்த்து அரைத்த கறுப்பு மசியல். அதில் ஒரு சிட்டிகை எடுத்துத் தடவுவார், வழுவழுப்பான கல்லால் தேய்ப்பார், விரலால் ஒரு தட்டு தட்டிக் காதைச் சாய்ப்பார். மறுபடியும் ஒரு சிட்டிகை. தேய்க்கத் தேய்க்கக் கரணையில் முடி போல வெடிப்பு விழுந்தது. கெட்டுப்போய்விட்டதோ என்று பதறினேன். “அது விழுந்தாத்தான் தம்பி நாதம்” என்றார்.

அந்தக் கறுத்த விரல்தான் எங்கள் அட்டைப்படம். இன்றைக்கும் அதில் எனக்குப் பெருமை உண்டு.

உள்பக்கங்களில்தான் தப்பு செய்தேன். ஆங்கில இசைப் பத்திரிகைகளைப் பார்த்துப் பார்த்து, பக்கத்துக்கு நீளவாக்கில் மூன்று பத்தி, 8 பாயின்ட் எழுத்து, பக்கம் முழுக்கக் கறுப்பு, மேலே வெள்ளை எழுத்து என்று போட்டிருந்தேன். தமிழ் அதற்குள் அடங்கவில்லை. ‘வாசித்துக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்’ என்று ஒரு சொல் வந்தால் வரியே முடிந்துவிடும். முந்தைய வரியில் இரண்டு சொல் மட்டும் பல்லை இளித்துக்கொண்டு நிற்கும். அப்புறம் கொம்பு இடம் மாறி விழுந்தது. மென்பொருளில் இந்திய மொழி எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் ‘கம்போஸர்’ என்ற தனி அமைப்பு இருப்பது தெரியாமல், இரண்டு ராத்திரி ஒவ்வோர் எழுத்தாகக் கையால் திருத்தினேன். ஒருவழியாக அச்சாகி வந்தது. மதிப்பெண்ணும் நல்லபடியாகவே கிடைத்தது.

ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு பெரியவரைப் பார்க்கப் போனேன். வாசல் வெளிச்சத்துக்கு வந்து, கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தார். கண்ணாடி போட்டுப் பார்த்தார். பிறகு பேத்தியைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார். எட்டாவதோ ஒன்பதாவதோ படிக்கிற பெண். நன்றாகத்தான் வாசிக்கத் தொடங்கினாள். நாலாவது வரியில் ‘கரணை’யைக் ‘கரனை’ என்றாள். மை பரவி எழுத்தின் சுழி மூடிப்போயிருந்தது. அவள் மேல் எந்தத் தப்பும் இல்லை.

“படம் நல்லா இருக்கு. என்ன எழுதியிருக்கேன்னு நீயே படிச்சுக் காட்டேன்” என்றார் பெரியவர்.

அங்கேயே உட்கார்ந்து இரண்டு பக்கத்தையும் வாசித்தேன். குறுக்கே பேசாமல் கேட்டவர், முடிந்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்: “தோலுன்னு போட்டிருக்கே, எந்தத் தோலுன்னு போடலையே?” மிருதங்கத்துக்குப் பசு, எருமை, ஆடு மூன்றின் தோலும் வேண்டும். முதல் நாளே அதை விளக்கமாகச் சொல்லியிருந்தார். கச்சேரி இதழில் அது எதற்கு என்று நாங்களேதான் வெட்டிவிட்டோம். யாரும் வெட்டச் சொல்லவில்லை. அவர் வாழ்நாள் வேலையே அதுதான்.

விடுமுறையில் மறுபடி உட்கார்ந்தேன். இரண்டு பத்தி, 11 பாயின்ட், வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து. வெட்டிய வரிகள் திரும்ப வந்தன. சென்டர் பின் அடிப்பதென்றால் பக்கம் நாலு நாலாகத்தான் ஏறும், ஆக 20 பக்கம் ஆயிற்று. மதிப்பெண் எல்லாம் எப்போதோ போட்டாகிவிட்டது. திருவல்லிக்கேணியில் 10 பிரதி ஜெராக்ஸ் எடுத்தேன்.

*

உங்கள் இதழ்க் கதையைப் படித்தேன். நான் அச்சகத்தில் வேலை பார்க்கிறேன். சுழி மூடிப்போனதற்குக் காரணம் சொல்கிறேன், அடுத்து இதழ் செய்கிற பிள்ளைகளுக்கு உதவும். திரையில் பார்க்கும் அடர்ந்த கறுப்பை அப்படியே அனுப்பினால், அது பெரும்பாலும் நாலு மையும் கலந்த கறுப்பாக மாறி வரும். நாலு தகடும் துல்லியமாக ஒன்றன்மேல் ஒன்று உட்கார வேண்டும். முடி அளவு விலகினாலும் வெள்ளை எழுத்துக்குள் வேறு நிறம் ஏறிவிடும். ண, ணை, ஞ எல்லாம் முதலில் அடிபடும். கோட்டிங் இல்லாத தாள் என்றால் மை ஊறி இன்னும் தடிக்கும். வெள்ளை எழுத்துதான் வேண்டும் என்றால், பின்னணிக்குக் கறுப்பு மை ஒன்றை மட்டும் வையுங்கள், எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகவும் தடிமனாகவும் போடுங்கள். ஒரு பக்கமாவது ப்ரூஃப் எடுத்துக் கையில் வைத்துப் படித்துவிட்டு மிச்சத்தை ஓட்டச் சொல்லுங்கள்.

*

உங்களைப் போல நாங்களும் ஓர் இசை இதழ் செய்தோம் அண்ணா. எங்கள் குழு கானாவை எடுத்துக்கொண்டது. நான் வியாசர்பாடிப் பெண், எனக்கு அது பக்கத்துத் தெருப் பாட்டு. மரண கானா பாடும் ஓர் அண்ணன், இறந்துபோன நண்பனுக்காகத் தான் கட்டிய பாட்டை எங்களுக்காகப் பாடினார். வரிகளை அழகாக ஒரு பக்கத்தில் அடுக்கிக் காட்டினேன். பார்த்துவிட்டு, “பாட்டு எங்கம்மா?” என்றார். நியாயமான கேள்வி. மெட்டும் இல்லை, அவர் இழுத்து நிறுத்தும் இடமும் இல்லை. அதனால் பாடியதைப் பதிவு செய்து க்யூஆர் கோடு வைத்தோம். அதையும் கறுப்புப் பட்டையில் விளிம்பு இல்லாமல் ஒட்டிவிட்டேன், பாதி போனில் ஸ்கேன் ஆகவில்லை. கோடைச் சுற்றி வெறும் வெள்ளை இடம் விட வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது. சரி, அந்த ஜெராக்ஸ் பிரதியைப் பார்த்துப் பெரியவர் என்ன சொன்னார்? அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே அண்ணா.

*

அச்சக நண்பருக்கு நன்றி. இத்தனை நாளும் தாள்தான் மட்டம் என்று நினைத்திருந்தேன்.

தங்கச்சி, அவர் ஒன்றும் சொல்லவில்லை. நான் போனபோது வார் இழுத்துக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். பேத்தி உள்ளேதான் இருந்தாள், ஆனால் வாசிக்கக் கூப்பிடவில்லை. கண்ணாடியை மட்டும் எடுத்துவரச் சொன்னார்.