வேலை போன வீடு, நோய் வந்த வீடு: விசுவாசம் எதனால் நிற்கிறது?

செந்தூல்வாசி
கஷ்டம் வந்தால் விசுவாசம் தானாக வளரும் என்று நினைக்காதீர்கள். கஷ்டகாலத்தில் சபையை விட்டே போனவர்கள் கோலாலம்பூரில் எத்தனையோ பேர். அவர்களைத் தள்ளியது பெரும்பாலும் கஷ்டம் இல்லை, அந்த நேரத்தில் நாம் பேசிய பேச்சு. அதனால் இங்கே யாரும் சொந்த சாட்சி எழுத வேண்டாம். செல் குரூப், அன்பியம் (வீடுகளில் கூடும் சிறு செபக்குழுக்கள்), ஆஸ்பத்திரி ஊழியம் என்று பழகியவர்கள், எது தாங்குகிறது, எது கெடுக்கிறது என்று எழுதுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ் மூப்பர்
வேலை போன வீட்டுக்குப் போனால் வேதத்தைத் திறக்கும் முன் ஒன்று கேளுங்கள்: சொக்சோவில் (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) எஸ்ஐபி (வேலை இழப்புக் காப்புறுதி) விண்ணப்பம் போட்டாயிற்றா? வேலை இழந்த 60 நாளுக்குள் போட வேண்டும். வெட்கத்தில் யாரிடமும் சொல்லாமல், காலையில் வழக்கம்போல் சட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய் வருகிறவர்கள் இந்த 60 நாளைத்தான் தொலைக்கிறார்கள்.

முதல்முறை விண்ணப்பிக்கிறவருக்கு, கடைசி 24 மாதத்தில் 12 மாதச் சந்தா இருக்க வேண்டும். முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, இரண்டாம் மாதம் 50, மூன்றாவதும் நான்காவதும் 40, ஐந்தாவதும் ஆறாவதும் 30. மூவாயிரம் வெள்ளி (ரிங்கிட்) சம்பளம் என்றால் முதலில் சுமார் 2,400, ஆறாம் மாதம் சுமார் 900. சபையின் உதவி எந்த மாதத்தில் அதிகம் தேவைப்படும் என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது. நாமோ முதல் மாதம் அள்ளிக் கொடுத்துவிட்டு நான்காம் மாதம் காணாமல் போகிறோம்.

தானாக ராஜினாமா செய்தவருக்கும், ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டவருக்கும், ஒப்பந்தம் முடிந்து வெளியே வந்தவருக்கும் இது கிடைக்காது. "நீயே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடு, பேர் கெடாது" என்று முதலாளி கேட்டால் கையெழுத்துப் போடும் முன் யாரிடமாவது விசாரிக்கச் சொல்லுங்கள்.

சபைப் பணத்தை ரொக்கமாகக் கையில் திணிக்காதீர்கள். டிஎன்பி மின்சார பில்லையும் வீட்டு வாடகையையும் நேராகக் கட்டிவிடுங்கள். வாங்குகிறவருக்கு மானம் மிஞ்சும், கணக்கும் சுத்தமாக இருக்கும். வங்கிக் கடன் கழுத்தை நெரித்தால் ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை நிறுவனம் இருக்கிறது, ஆலோசனை இலவசம். ஆலோங் (சட்டவிரோத வட்டிக்காரர்) கடனை அவர்கள் தொடமாட்டார்கள், அது போலீஸ் விஷயம். அன்பு மிகுதியில் யாருக்கும் ஜாமீன் கையெழுத்துப் போடாதீர்கள். நீதிமொழிகள் 22:26 அதைத் தெளிவாகவே தடுக்கிறது.

பட்டர்வொர்த் அக்கா
சாப்பாட்டைப் பற்றி நான் எழுதுகிறேன். 1 இராஜாக்கள் 19இல் எலியா "போதும் கர்த்தாவே" என்று சூரைச்செடியின் கீழ் படுத்துவிட்டார். தூதன் வந்து பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் கொடுத்தான். எலியா சாப்பிட்டுத் திரும்பத் தூங்கினார். இரண்டாம் தரமும் எழுப்பிச் சாப்பாடுதான் கொடுத்தான். "இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வி ஓரேப்பில், 40 நாள் கழித்துத்தான் வருகிறது.

சாப்பாடு கொண்டு போகும் முறை இது. வாரம் மூன்று நாள் போதும், ஏழு நாள் வேண்டாம். சாயங்காலம் ஆறிலிருந்து ஏழுக்குள் கொண்டு போங்கள். திருப்பிக் கேட்காத டப்பாவில் தப்பாவ் (பொட்டலம்) பண்ணுங்கள், கழுவித் தருவதும் அவர்களுக்கு ஒரு சுமை. யார், என்றைக்கு, என்ன சமைக்கிறார்கள் என்பதை ஒரே ஆள் பார்க்கட்டும். இல்லாவிட்டால் மூன்று நாளும் சாம்பார்தான் வரும். முதல் வாரம் ஃபிரிஜ் கொள்ளாது, மூன்றாம் வாரம் ஒரு பொட்டலமும் வராது. ஆறு வாரத்துக்கும் சமைக்கிறவர்கள் பெயர் கிடைத்த பிறகு ஆரம்பியுங்கள். முடியும் முன் "அடுத்த வாரத்தோடு நிறுத்துகிறோம் அக்கா, அரிசி பத்து கிலோவும் எண்ணெயும் வைத்துவிட்டுப் போகிறோம்" என்று சொல்லிவிடுங்கள். வாசலில் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். உள்ளே கூப்பிட்டால் போய் உட்காருங்கள்.

ஜார்ஜ்டவுன் நர்ஸ்
கத்தோலிக்கர்களுக்கு: நோயில் பூசுதல் (குருவானவர் எண்ணெய் பூசிச் செபிக்கும் அருட்சாதனம்) சாகப்போகிறவருக்கு மட்டும் என்ற எண்ணத்தை விடுங்கள். பெரிய ஆபரேஷனுக்கு முன்பே பங்குத்தந்தையைக் கூப்பிடலாம். நோய் முற்றினால் மறுபடியும் பெறலாம். மயங்கிய பிறகு கூப்பிட்டால் நோயாளியால் செபத்தில் சேர முடியாது, பாவசங்கீர்த்தனமும் (பாவ அறிக்கை) முடியாது. நெற்றியிலும் கைகளிலும் பூசுவார், ஆகவே டிரிப் ஊசிக் கட்டு எந்தக் கையில் இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லுங்கள். பக்கத்தில் ஆக்சிஜன் ஓடினால் மெழுகுவர்த்தி கூடவே கூடாது.

கீமோ எடுப்பவரைப் பார்க்கச் சளி, இருமலோடு போகாதீர்கள். இன்சுலின் போடுபவரை உபவாச செபத்தில் சேர்க்காதீர்கள். சாம்பல் புதனிலும் பெரிய வெள்ளியிலும் 18இலிருந்து 59 வயது வரை நோன்புக் கடமை என்றாலும், நோயாளிக்கு விலக்கு உண்டு. எனக்கு எரிச்சல் மூட்டுவது ஒன்று: சுகமளிக்கும் கூட்டத்துக்குப் போய் வந்து வலிப்பு மாத்திரையை நிறுத்துவது. வலிப்பு திரும்பி வந்தால், "விசுவாசம் போதவில்லை" என்ற பழியும் நோயாளி தலையில் விழும். மாத்திரையைக் குறைப்பது டாக்டரின் வேலை.

செந்தூல்வாசி
செபக்குழுவில் சங்கீதம் 13 நன்றாக வேலை செய்யும். ஆறே வசனம். முதல் இரண்டில் "எதுவரைக்கும்" நான்கு தரம் வருகிறது. அதை வாசித்து நிறுத்துங்கள். ஒவ்வொருவரும் தங்கள் "எதுவரைக்கும்" ஒன்றை ஒரு வரியில் எழுதட்டும். வாசித்துக் காட்டக் கட்டாயம் இல்லை. "இன்னும் எத்தனை இன்டர்வியூ கர்த்தாவே" என்று எழுதினாலும் அது ஜெபம்தான். 3, 4 வசனங்களில் நேரடியாகக் கேட்பது. 5, 6இல் நம்பிக்கை. நடத்துகிறவர் பதறிப்போய் நேராக ஆறாம் வசனத்துக்குத் தாவி ஒரு பாட்டும் பாடிவிடுவார், அங்கேதான் கெடுகிறது. ஐந்துக்கு இன்னும் வர முடியாதவரை நாலிலேயே விடுங்கள், அடுத்த வாரமும் அதே சங்கீதத்தை எடுக்கலாம். சங்கீதம் 88 கடைசி வரை இருட்டிலேயே முடிகிறது, அதையும் வேதத்தில்தானே வைத்திருக்கிறார்கள்.

ஈப்போ ரோடு தம்பி
இப்படிப் புலம்ப விட்டால் முறுமுறுப்பு ஆகிவிடாதா, அண்ணே?

செந்தூல்வாசி
யோபு 42:7 பாருங்கள் தம்பி. புலம்பித் தீர்த்த யோபு நிதானமாய்ப் பேசினான் என்றும், கடவுளுக்காக வாதாடிய சிநேகிதர்கள் அப்படிப் பேசவில்லை என்றும் கர்த்தரே சொல்கிறார். அவர்கள் செய்த நல்ல காரியம் 2:13இல் இருக்கிறது, ஏழு நாள் பேசாமல் கூட உட்கார்ந்திருந்தது.

பிரிக்பீல்ட்ஸ் மூப்பர்
இன்னும் இரண்டு. "இருந்து என்ன பிரயோஜனம்" என்று ஒருவர் சொன்னால், ஜெபித்துவிட்டு வீட்டுக்கு அனுப்பாதீர்கள். சாக நினைக்கிறாயா என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. தனியே விடாதீர்கள். மனம் உடைந்தவர்கள் பேசுவதற்கான கோலாலம்பூர் பிஃபிரண்டர்ஸ் 24 மணி நேரமும் போன் எடுப்பார்கள், சுகாதார அமைச்சின் மனநல உதவி எண்ணான ஹீல் 15555. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவு 309 கைவிடப்பட்டது 2023இல். போலீஸ் வருமோ என்று பயந்து குடும்பங்கள் மறைப்பது இன்னும் இருக்கிறது, அவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

மற்றது, ஜெப விண்ணப்பம். வாட்ஸ்ஆப்பில் பெயர், நோய், கடன் தொகை எல்லாம் போட்டால் ராத்திரிக்குள் கிள்ளான் வரை போய்விடும். "நம் குழுவில் ஒரு குடும்பம், வேலைக்காக" என்பது போதும். ரோமர் 5 உபத்திரவத்துக்குப் பிறகு பொறுமை, பரீட்சை, நம்பிக்கை என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்கிறது. அந்த வழியின் நடுவில் உள்ளவரை மேடையில் ஏற்றிச் சாட்சி கேட்டால் அவர் நடிக்க வேண்டியிருக்கும். நாலைந்து மாதம் கழித்து, புதிதாக வேலை இழந்த இன்னொருவரோடு சொக்சோ அலுவலகத்துக்குத் துணை போக அவரைக் கேட்டுப் பாருங்கள், எந்தப் படிவம் என்று அவருக்குத் தெரியும். 2 கொரிந்தியர் 1:4 சொல்வது அதைத்தான்.

பட்டர்வொர்த் அக்கா
பினாங்குக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஜூலையில் புக்கிட் மெர்தாஜாம் செயின்ட் ஆன்ஸ் கோயிலுக்கு நோயாளியைக் கூட்டிப்போக ஆசைப்பட்டால், 26ஆம் தேதித் திருநாளை ஒட்டிய நெரிசலில் வேண்டாம். நவநாளில் (திருநாளுக்கு முந்திய ஒன்பது நாள் செபத்தில்) ஒரு வாரநாளைப் பாருங்கள். தண்ணீர், மாத்திரை, மடக்கு நாற்காலி மூன்றையும் முதலில் காரில் வைத்துவிடுங்கள்.